பலகை மேல வெய்யி

மணி எட்டு ஐம்பது. பத்தே முக்காலுக்கு வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் ஒரு பழம் தின்றுவிட வேண்டும், ஒரே ஒரு பூவன்பழம், முழுசாகக்கூட வேண்டாம், பாதி போதும், தின்றுவிட்டு, மயக்க டாக்டர் வந்து கேட்கும்போது ஆமாங்க டாக்டர், பசி தாங்க முடியலைங்க, தெரியாம சாப்பிட்டுட்டனுங்க என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னால் தீர்ந்தது வேலை என்று கோகிலவாணி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தபடி திட்டம் போட்டாள். பழம் தலையணைக்கு அடியில் இருந்தது. பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கவென்று அம்மா ஒரு சீப்பு வாங்கிக் கூடையில் வைத்துவிட்டுக் கோயிலுக்குத் திருநீறு வாங்கப் போயிருந்தாள், பாத்ரூமுக்குப் போய்த் திரும்புகிற சாக்கில் அதிலிருந்து ஒன்றைப் பிய்த்து நைட்டிக்குள் மறைத்துக் கொண்டுவந்தாயிற்று, காம்பு பிய்கிற சத்தம்கூட யாருக்கும் கேட்கவில்லை. நேற்றே நர்ஸ் ஜெசிந்தா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "இனிமே பச்சைத் தண்ணி பல்லுல படக்கூடாது. எதாச்சும் சாப்பிட்டுட்டீங்கன்னா ஆறு மணி நேரம் தள்ளிரும். மயக்க டாக்டர் ஈரோட்டுல இருந்து வர்றாரு, அவரு திரும்பிப் போயிட்டாருன்னா அப்புறம் பொழுதோடதான்." பொழுதோட. அந்த வார்த்தையைக் கோகிலா மிட்டாய் மாதிரி வாய்க்குள் உருட்டினாள். பூசம் இன்றைக்குப் பகல் பதினொன்று ஐம்பத்திரண்டு வரைக்கும்தான். அதற்குப் பிறகு ஆயில்யம். பொழுதோட பிறந்தால் பிள்ளையும் ஆயில்யம், அவளைப் போலவே. ஜன்னலோரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிற மாமியார் தெய்வாத்தாளுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிற நட்சத்திரம். கரையட்டும். கரைத்துக் குடிக்கட்டும்.

அத்தை தலையைத் திருப்பிப் பார்த்தாள். "வலி கிலி இருக்குதா?" என்று கேட்டாள். "இல்லைங்கத்தை" என்றாள் கோகிலா. இந்த 'ங்க'வுக்கு மட்டும் பதினாலு மாதமாகக் குறைச்சல் இல்லை. உடம்பெல்லாம் பற்றி எரிகிறபோதும் நாக்கு தானாக ஒரு 'ங்க'வை ஒட்டிவிடுகிறது, அந்த நாக்கைத்தான் முதலில் அறுக்க வேண்டும். ஆயில்யத்துப் பெண் போகிற வீட்டில் மாமியார் தங்க மாட்டாளாம். யார் கண்டார்கள், யார் செத்தார்கள், ஒருத்தரும் சொன்னதில்லை, ஆனால் அவளுக்கு மாப்பிள்ளை தேடிய மூன்று வருஷமும் தரகர் அம்மா இல்லாத பையன்களாகத்தான் தேடிக்கொண்டு வந்தார். ஐந்து பேர். ஐந்து வீட்டுக் கூடத்திலும் மாலை போட்ட படம். செத்துப்போன ஐந்து மாமியார்களும் படத்துக்குள்ளிருந்து அப்பாடா என்று தன்னைப் பார்த்த மாதிரி இருந்ததைக் கோகிலா யாரிடமும் சொன்னதில்லை. பிறகுதான் பூபதி வந்தான், பார்த்தான், கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான், அவன் அம்மாவோ குத்துக்கல் மாதிரி உயிரோடு இருந்தாள். அம்மாவும் மகனும் இருபது நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்து, கடைசியில் ஜோசியர் ஒரு பரிகாரம் சொன்னார். முதல் பிள்ளை பிறக்கிற வரைக்கும் மருமகள் கையிலிருந்து மாமியார் எதையும் நேராக வாங்கக் கூடாது. பிள்ளை பிறந்துவிட்டால் தோஷம் கழிந்துவிடும், அதற்கப்புறம் தாராளமாகக் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளலாம். கேட்பதற்குச் சின்ன விஷயம். அப்பாகூட, இவ்வளவுதானே என்று சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அவருக்கென்ன, அவரா போய் அந்த வீட்டில் குழம்பு ஊற்றப் போகிறார்?

சமையல் மேடையில் ஒரு பலகை. பழைய சப்பாத்திப் பலகை, நடுவில் வெடிப்பு விட்டது. கல்யாணமாகி மூன்றாம் நாள் காலையில் காபி டம்ளரை நீட்டிய கையைப் பார்த்துத் தெய்வாத்தாள் இரண்டடி பின்னால் நகர்ந்து, "பலகை மேல வெய்யி, எடுத்துக்கறேன்" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்தது. உப்பா, பலகை மேல வெய்யி. மாத்திரையா, பலகை மேல வெய்யி. போனில் சின்ன மாமா கூப்பிடுகிறாரா, அதையும் பலகை மேல வெய்யி, அவர் அலோ அலோ என்று பலகையோடு பேசிக்கொண்டிருப்பார். பூபதி இதைப் பார்த்துச் சிரித்தான், தாலுகா ஆபீஸ் கவுண்டர் மாதிரி இருக்குது, டோக்கன் போட்டறலாமா என்றான், அவன் சிரித்ததற்கும் ஒரு நாள் இருக்கிறது, ஆனால் இன்றைக்கு அவன் முறை இல்லை. ஒரு கல்யாண வீட்டில் கோகிலா மறதியாகத் தாம்பூலப் பையை நீட்டிவிட்டாள், அத்தை தீயைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டாள், தேங்காய் உருண்டு நாற்காலிகளுக்கு அடியில் போய்விட்டது, வரிசையாக உட்கார்ந்திருந்த பொம்பளைகள் அத்தனை பேரும் பார்த்தார்கள், ஏனுங்க, ஏனுங்க என்று ஒருத்தி காதை ஒருத்தி கடித்தார்கள். அதுகூடப் போகட்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை போகவே மாட்டேன் என்கிறது. அத்தைக்குச் சர்க்கரை. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிட மறந்தால் மேலுதட்டில் வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். அன்றைக்கு அடுப்படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். கோகிலா அப்போது ஐந்து மாதம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி, அச்சுவெல்லத்தை உடைத்து உள்ளங்கையில் வைத்து வாயருகே நீட்டினாள். கண் சொருகிப் போயிருந்த அந்த மனுஷி, உயிர் போகிற நேரத்திலும், அந்தக் கையைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, "பலகை... மேல..." என்றாள். வெய்யி என்று முடிக்கக்கூடத் தெம்பு இல்லை. கோகிலா பலகை மேல் வைத்தாள். தெய்வாத்தாள் மேடையைப் பிடித்து எழுந்து, தட்டுத்தடுமாறி வெல்லத்தை எடுத்துத் தின்றாள். அவள் கடித்து மென்ற அந்தச் சத்தத்தைக் கோகிலா இன்னும் காதில் வைத்திருக்கிறாள். அன்றைக்குத்தான் வயிற்றுப் பிள்ளை முதல்முதலாக உதைத்தது. நல்ல சகுனம்தான்.

இப்போதும் உதைக்கிறது. தலை மேலே, கால் கீழே, எட்டாம் மாதத்திலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு திரும்பமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது, அதனால்தான் ஆபரேஷன். காலால் பிறக்கிற பிள்ளைக்கு ஒரு மவுசு உண்டு, இடுப்புப் பிடித்துக்கொண்டவர்களை அந்தக் காலால் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடுமாம், அத்தைக்கும் இடுப்பு வலி உண்டு, சின்ன மாமியார் போன வாரம் வந்தபோது, "பேரனோ பேத்தியோ, ஒனக்கு வைத்தியம் ஊட்டுலயே வருது" என்று சொல்லிச் சிரித்தாள். நன்றாக மிதி, கண்ணு, சலிக்காமல் மிதி என்று கோகிலா வயிற்றைத் தடவினாள். ஆனால் ஆபரேஷனில் எடுத்தால் அது கணக்கில் வருமா? தெரியவில்லை. முதுகுத்தண்டில் ஊசி போடுவார்கள், போட்டதும் கால் இரண்டும் யாருடைய காலோ மாதிரி ஆகிவிடும், ஆனால் அவர்கள் பேசுவது எல்லாம் கேட்கும் என்று பக்கத்து வீட்டு மல்லிகாக்கா சொன்னாள். கேட்கத்தான் வேண்டுமா? கத்தி எடு என்பார்கள், துணி எடு என்பார்கள். கத்தி பிள்ளை மேல் பட்டுவிட்டால்? கால் முதலில் வந்து தலை மாட்டிக்கொண்டால்? டாக்டரம்மா படம் போட்டுக் காட்டித்தான் சொன்னார், வலி எடுத்தால் காத்திருக்கக் கூடாது, பனிக்குடம் உடைந்துவிட்டால் தொப்புள்கொடி பிள்ளைக்கு முன்னால் இறங்கிவிடும், அப்புறம் நிமிஷக்கணக்குதான் என்று. ஆறு மணி நேரம். ஆறு மணி நேரத்தில் பனிக்குடம் உடையாது. ஏன் உடையாது? இத்தனை நாள் உடையவில்லை, இன்றைக்கு மட்டும் உடைந்துவிடுமா? உடைந்தால்? பழம் தலையணைக்கு அடியில் சூடேறிக்கொண்டிருந்தது, கையை விட்டுத் தொட்டுப் பார்த்தாள், ஒரு பக்கம் நசுங்கிவிட்டது. செத்துப்போனாலும் போய்விடுவேன், மேசையிலேயே போய்விடுவேன், அப்போது கூடத்தில் மாட்டப்போவது என் படம், அத்தை அதற்குப் பூப் போடுவாள், பூவை நேராகவா போடுவாள், பலகை மேல் வைப்பாளா? அந்த நினைப்பில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபோது அடிவயிறு இறுக்கிப் பிடித்தது, பயந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, விட்டுவிடு விட்டுவிடு என்று கெஞ்சினாள், விட்டுவிட்டது. சும்மா பிடிப்புத்தான். மணி ஒன்பது நாற்பது.

இந்தப் பழம் எடுக்கிற யோசனையே நேற்று வரைக்கும் கிடையாது. நேற்று மத்தியானம் கோகிலா தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு அத்தை இதே ஜன்னலோரத்தில் நின்று ஜோசியரிடம் போனில் பேசினாள். வியாழக்கிழமையும் பூசமும் சேர்ந்து வருது, பத்தரைக்கு மேல நல்ல நேரம், டாக்டரம்மாகிட்டப் பேசியாச்சுங்க, என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எப்படியாச்சும் பூசத்துக்குள்ள எடுத்தறோணுங்க. இன்னொரு ஆயில்யம் எங்க ஊட்டுக்கு வேண்டாஞ் சாமி" என்றாள். இன்னொரு ஆயில்யம். ஏதோ இன்னொரு ஓட்டைப் பானை மாதிரி, இன்னொரு சொறிநாய் மாதிரி. பெயர் இருக்கிறது, கோகிலவாணி என்று நீளமாக, வணிகவியல் பட்டம் இருக்கிறது, கை மணக்க வைக்கிற ரசம் இருக்கிறது, அதை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே, இன்னொரு ஆயில்யம். அந்த நிமிஷம் கோகிலாவின் நெஞ்சில் ஒன்று உட்கார்ந்தது, பிள்ளையைப் போலவே அதுவும் திரும்பமாட்டேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது. தருகிறேன் அத்தை, உனக்கு இன்னொரு ஆயில்யம் தருகிறேன். ஜாதகம் எழுதுகிற அன்றைக்கு ஜோசியர் மென்று விழுங்கிக்கொண்டு சொல்லுவார், உன் முகத்தைப் பார்க்க வேண்டும். காது குத்துக்கு, பிறந்தநாளுக்கு, கோயில் அர்ச்சனைக்கு, ஒவ்வொரு தடவையும் ஐயர் நட்சத்திரம் கேட்பார், ஒவ்வொரு தடவையும் உன் வாயால் ஆயில்யம், ஆயில்யம் என்று சொல்ல வேண்டும், சாகிற வரைக்கும் சொல்ல வேண்டும். அவள் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், சுகமாக இருந்தது. பதினாலு மாதத்தில் அவள் அனுபவித்த ஒரே சுகம் இதுதான் என்றால் பூபதி கோபித்துக்கொள்வான், கோபித்துக்கொள்ளட்டும்.

ஆனால் இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் முள்ளில் சீலை மாட்டின மாதிரி நின்றுவிடுகிறது. பெண்ணாக இருந்துவிட்டால்? உனக்குத்தான் இதில் நம்பிக்கையே இல்லையே கோகிலா, நட்சத்திரமாவது மண்ணாங்கட்டியாவது என்று நீதானே சொல்லுவாய். நம்பிக்கை இல்லைதான். எனக்கு இல்லை. ஊருக்கு இருக்கிறதே. இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு தரகர் வருவார், அம்மா இல்லாத பையனாகப் பார்ப்போமுங்க என்பார். என் பெண் மாலை போட்ட படங்களுக்கு முன்னால் காபித் தட்டோடு நிற்பாள். எங்கேயோ ஒரு வீட்டில், இப்போதே ஒரு மரத்தை அறுத்து, அவளுக்கு ஒரு பலகை இழைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பலகையை அவள் கையில் கொடுத்தது யார்? தெய்வாத்தாள் இல்லை. நான். ஒரு பழத்தைத் தின்று, நான். ஆணாக இருந்தால் என்ன? ஆணாக இருந்தால் ஒன்றும் இல்லை, ஆயில்யத்து ஆணை யாரும் ஒன்றும் சொல்வதில்லை, அது வேறு. வயிற்றுக்குள் இருப்பது எது என்று தெரிந்தால் பழத்தைத் தின்பதா வேண்டாமா என்று சொல்லிவிடலாம், அதைத்தான் சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். பாதிக்குப் பாதி. பாதிப் பழம் தின்னலாம் என்று ஒரு நினைப்பு ஓடி வந்தது, பாதிப் பழத்துக்குப் பாதி ஆயில்யமா வரும், மூளை இருக்கிறதா உனக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் விட்டுவிடவும் முடியாது. விட்டுவிட்டால் இன்றைக்குப் பத்தே முக்காலுக்கு எல்லாம் அத்தை நினைத்தபடி நடந்துவிடும், தோஷம் கழிந்துவிடும், பலகையைக் கழுவி நிமிர்த்தி வைத்துவிடுவாள், அப்புறம் ஒன்றுமே நடக்காதது மாதிரி கையை நீட்டி, கொண்டா புள்ள என்பாள். அந்த வெல்லத்துக்கு யார் பதில் சொல்வது? பதில் வேண்டும். என் வயிற்றைக் கிழிப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு பதில் வேண்டும்.

ஜெசிந்தா வந்தாள், பச்சை அங்கியை மாட்டிவிட்டாள், முடியைக் கூட்டித் தொப்பிக்குள் திணித்தாள், வளையல்களைக் கழற்றச் சொன்னாள். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல் இரண்டு கழலவில்லை, சோப்புத் தண்ணீர் போட்டு உருவினாள். "மயக்க டாக்டரு பவானியைத் தாண்டிட்டாராம். இன்னும் இருபது நிமிஷத்துல வண்டி கொண்டாறேன், தயாரா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பூபதி வாசலில் தலையை நீட்டி, ரத்தம் கொடுக்க இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், கீழே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு, பொண்டாட்டியைப் பார்த்து ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு ஓடினான். அறையில் இரண்டு பேர் மட்டும். மணி பத்து ஐந்து. இப்போதுதான், இதைவிட்டால் இல்லை. கோகிலா சுவர்ப்பக்கம் திரும்பி, தலையணைக்கு அடியில் கையை விட்டுப் பழத்தை எடுத்தாள், காம்பை முறித்து ஒரு விரற்கடை தோலைக் கீழே இழுத்தாள். வாசனை குப்பென்று வந்தது. இருபது மணி நேரப் பட்டினி மாதிரி வாயில் நீர் ஊறியது, பிள்ளைக்கும் வாசனை தெரிந்திருக்கும் போல, ஒரு எத்து எத்தியது, இடுப்பெலும்பில், கீழே, வலது காலாகத்தான் இருக்கும். தின்னு. தின்னுடி. வாய் திறந்தது. ஒரு கால், இவ்வளவு சின்னக் கால், ஒரு பலகையின் எதிரில் போய் நிற்கிறதைக் கண்டாள். வாயை மூடினாள். மறுபடி திறந்தாள். அப்போதுதான் முருகனைக் கூப்பிடுகிற முணுமுணுப்பு நின்றிருப்பது உறைத்தது. எவ்வளவு நேரமாக நின்றிருக்கிறது?

திரும்பிப் பார்த்தாள். தெய்வாத்தாள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. விரல் நடுங்கியது. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறாள், அவ பட்டினி கிடக்கும்போது எனக்கென்ன சோறு என்று அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்ததுதான், அதுவும் வெறும் நடிப்பு என்று கோகிலா அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த வேர்வை நடிப்பு இல்லை. இந்த வேர்வை அவளுக்குத் தெரியும். கூடை கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது, மேசை முழுக்க ஃபைலும் ஃபிளாஸ்க்கும் பஞ்சுக் கட்டும். பலகை இல்லை. இந்த அறையில் பலகையே இல்லை! ஒரு நொடியில் அத்தனையும் தெளிந்தது, இத்தனை நேரம் எங்கே சுற்றிக்கொண்டிருந்தாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், பிள்ளை எதற்கு, நட்சத்திரம் எதற்கு, பரிகாரம் முடிய இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறதே. எழுந்து உட்கார்ந்து, பழத்தை மிச்சத் தோலும் உரித்து, கையை நீட்டினாள். "இந்தாங்கத்தை" என்றாள். குரலில் தேன் ஒழுகியது.

தெய்வாத்தாள் பழத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் உருவியதில் சிவந்துபோயிருந்த, வளையல் இல்லாத மொட்டைக் கை. பிறகு தன் கையை நீட்டி வாங்கினாள், விரலும் விரலும் பட்டன, சில்லென்றிருந்தது. வாங்கித் தின்றாள். ஒரு கடி, இரண்டு கடி. கோகிலா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் தொண்டையில் பழம் இறங்குவதைப் பார்த்தாள், மூன்றாவது கடி, முடிந்தது, தோல் மட்டும் கையில். உள்ளே ஒரு மேளமே அடித்தது. இறங்கிவிட்டது. இனிக் கக்கினாலும் வராது. பதினாலு மாதம் காத்தாயே, அத்தனை காபியும் ஆறிப்போக விட்டுக் காத்தாயே, கரையேறுகிற நேரத்தில் விழுந்தாயா? இப்போது சொல்ல மாட்டேன். வண்டி வரட்டும். தியேட்டர் வாசலில் சொல்லுகிறேன், சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறேன், நீ வெளியே உட்கார்ந்து அதை மென்றுகொண்டிரு, என் வயிறு கிழிகிற நேரமெல்லாம் உன் வயிறு கலங்கிக்கொண்டிருக்கட்டும்.

வண்டி வந்தது. அம்மா மூச்சிரைக்க ஓடிவந்து நெற்றியில் திருநீறு பூசி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்தங்கினாள். பூபதி வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தான், எதிலோ இடித்துக்கொண்டான். தெய்வாத்தாள் மறுபக்கம் நடந்தாள், முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது, பழத்தோல் இன்னும் கையில்தான் இருந்தது, போடக் குப்பைக்கூடை தேடவில்லை. தியேட்டர் கதவருகே ஜெசிந்தா நிறுத்தி, "இதுக்கு மேல யாரும் வரக்கூடாதுங்க" என்றாள். கோகிலா அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். தெய்வாத்தாள் குனிந்தாள்.

"அத்தை, அந்தப் பழத்தை என்ற கையிலிருந்துதான் வாங்கித் தின்னீங்க. பலகை இல்ல."

சொல்லிவிட்டு அந்த முகத்தையே பார்த்தாள். இதோ வெளிறும், இதோ வாய் கோணும், இதோ ஐயோ என்று நெஞ்சில் கை போகும்.

"தெரியும் புள்ள" என்றாள் தெய்வாத்தாள். "பசிச்சுது, வாங்குனேன்." கோகிலாவின் தொப்பிக்கு வெளியே வந்திருந்த ஒரு முடியை உள்ளே தள்ளிவிட்டாள். "செரி, பயப்படாமப் போயிட்டு வா."

கதவு சாத்திக்கொண்டது. பசிச்சுதாம். பசிச்சுது, வாங்கினாளாம். அன்றைக்கு அடுப்படியில் பசிக்கவில்லையா, கண் சொருகிக் கிடந்தாயே, அன்றைக்கு உயிரைவிடப் பெரிதாக இருந்த பலகை இன்றைக்கு ஒரு பசிக்குக் காணாமல் போய்விட்டதா? பொய். தெரிந்தே வாங்கியிருக்கிறாள். எதற்காக வாங்கினாள்? நான் செத்துப்போவேன் என்று பயந்தா? நான் கொடுத்ததை வாங்கவில்லையே என்று பின்னால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்றா? இல்லை, நிஜமாகவே வெறும் பசிதானா? வெறும் பசிக்கு விட்டுவிடக்கூடிய ஒன்றுக்காகவா நான் பதினாலு மாதம் கல்யாண வீடுகளில் தேங்காய் பொறுக்கினேன்? இவ்வளவு சுலபமாக விட முடியும் என்றால் முதல் நாளே விட்டிருக்கலாமே, பாவி. கழுத்தைப் பிடிக்கலாம் என்று போனால் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாளே, இதற்கு என்ன செய்வது? இருந்த ஒரே பழியையும் மூன்று கடியில் தின்று தீர்த்துவிட்டாள். ஆத்திரத்தில் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. மயக்க டாக்டர், வயதானவர், முகமூடிக்கு மேல் தூக்கக் கண், குனிந்து, "காலையில இருந்து எதாச்சும் சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

"நான் சாப்பிடலைங்க டாக்டர்" என்றாள் கோகிலா. "எங்க அத்தைதானுங்க சாப்பிட்டாங்க."

டாக்டர் ஜெசிந்தாவைப் பார்த்தார். "பயம்ங்க சார், முதல் பிரசவம்" என்றாள் ஜெசிந்தா. உட்கார வைத்து, தலையணையை வயிற்றோடு அணைக்கச் சொல்லி, முதுகை வளைக்கச் சொன்னார்கள். முதுகில் சில்லென்று எதையோ தடவினார்கள். சுவரில் மணி பத்து முப்பத்தாறு. பிள்ளை ஒரு தடவை உதைத்தது. கோகிலா ஜெசிந்தாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், ஊசி இன்னும் இறங்கவில்லை, ஆனாலும் எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடித்தாள்.

"சிஸ்டர், பிள்ளையை நீங்க கொண்டுபோயி எங்க அத்தைகிட்டக் குடுத்தறாதீங்க. நான்தான் குடுப்பேன். என்ற கையால."

"செரிங்க, செரிங்க, நீங்களே குடுங்க. அசையாதீங்க."

வாங்கட்டும். அதையும் பசி என்று சொல்கிறாளா பார்த்துவிடலாம்.